காலுக்கு ஷூவா, ஷூவுக்குக் காலா?

வெள்ளைத் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, அதன்மேல் வெறுங்காலுடன் ஏறி நில்லுங்கள். உடலின் எடை இரண்டு கால்களிலும் சமமாக இருக்கட்டும். நண்பர் ஒருவரை அழைத்து, பென்சிலை நேராகப் பிடித்து உங்கள் பாதத்தைச் சுற்றிக் கோடு வரையச் சொல்லுங்கள். பிறகு, நீங்கள் வழக்கமாக அணியும் ஷூவை அந்தப் படத்தின்மேல் வைத்து, அதன் அடிப்பாகத்தைச் சுற்றியும் வேறு நிறத்தில் ஒரு கோடு வரையுங்கள். ஷூவின் கோடு பாதத்தின் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அதுதானே முறை? ஆனால் உங்களில் பலருக்குச் சுண்டுவிரல் பக்கத்திலும் பெருவிரல் பக்கத்திலும் பாதத்தின் கோடுதான் வெளியே நிற்கும். அப்படியானால், நாள்தோறும் அந்த ஷூவுக்குள் போகும் சதையும் எலும்பும் எங்கே ஒதுங்குகின்றன?

நடப்பவர் இந்தக் கேள்வியைச் சிறிது காலம் தள்ளிப் போடலாம். சைக்கிளில் நெடுந்தூரம் செல்பவரால் அது முடியாது. நடக்கும்போது உடலின் பாரம் முதலில் குதிகாலில் விழுகிறது. பாதத்தின் வெளி ஓரமாக முன்னேறுகிறது. கடைசியில் பெருவிரலில் வந்து முடிகிறது. ஒவ்வோர் அடிக்கும் இடையில் கால் காற்றில் சற்று ஓய்வு பெறுகிறது. ஷூவும் வளைந்து கொடுக்கிறது. சைக்கிள் பெடலிலோ அழுத்தம் எப்போதும் ஒரே இடத்தில்தான் விழுகிறது. விரல்களுக்குப் பின்னே சதைப்பற்றாக இருக்கும் மேட்டைத் தொட்டுப் பாருங்கள். அந்த முன்மேட்டில்தான் முழு வேலையும் நடக்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலாலும் 4,800 முறை அந்த இடத்தை அழுத்துகிறார். போதாக்குறைக்கு, வெப்பத்தாலும் உழைப்பாலும் பாதம் வீங்குகிறது. காலையில் சரியாக இருந்த ஷூ நாற்பதாவது கிலோமீட்டரில் கிட்டியாக மாறிவிடுகிறது. முதலில் எரிச்சல், பிறகு மரமரப்பு, அதன் பிறகு விரல்கள் இருப்பதே தெரியாத நிலை. சைக்கிள் ஓட்டிகள் இதை அனலில் கால் வைத்தாற்போல் என்று வர்ணிப்பது மிகையல்ல.

இந்தத் தொல்லைக்குப் பின்னால் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று ஷூவின் வரலாறு. மற்றொன்று பெடலின் வரலாறு. நெடுங்காலம் தனித்தனியே நடந்து வந்த இவை 1980களில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. முதலில் ஷூவைப் பார்ப்போம்.

குதிரைக்குக் கிடைத்த கவனம்

ஹாலந்து நாட்டில் பேத்ரஸ் காம்பர் என்ற உடற்கூறு அறிஞர் இருந்தார். பொருள் எவ்வளவு அற்பமானதாயினும் அதைச் சுவையாக எழுத முடியும் என்று தம் மாணவர்களிடம் வாதிட்டு, அதை மெய்ப்பிக்க அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஷூ. ஷூவின் சிறந்த வடிவம் எது என்பதைப் பற்றி 1781இல் அவர் வெளியிட்ட சிறு நூல் விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஆனால் உள்ளே இருந்த செய்தி விளையாட்டல்ல. குதிரை, கோவேறு கழுதை, எருது ஆகியவற்றின் குளம்புகளைப் பற்றி இத்தனை கற்றவர்கள் ஆராய்கிறார்களே, மனிதனின் பாதத்தை மட்டும் ஏன் கவனியாமல் விட்டார்கள் என்று அவர் கேட்டார். லாடம் தவறினால் குதிரை நொண்டும், உரிமையாளருக்கு நஷ்டம். மனிதன் நொண்டினால் யாருக்கு நஷ்டம்?

காம்பர் காலத்து ஐரோப்பிய ஷூக்களுக்கு இடம் வலம் என்ற வேறுபாடே இல்லை என்பது இன்று நமக்கு வியப்பைத் தரும். ஷூ தைப்பதற்குப் பாதத்தின் வடிவில் செதுக்கிய மரக்கட்டை ஒன்று வேண்டும். அதன்மேல்தான் தோலை இழுத்துப் பொருத்துவார்கள். இதை அச்சுக்கட்டை என்று அழைப்போம். பழைய ரோமானியர் காலத்திலேயே இடக்காலுக்கும் வலக்காலுக்கும் தனித்தனிக் காலணிகள் இருந்தன. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் உயர்ந்த குதி வைத்த ஷூ நாகரிகமாகியபோது, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு கட்டைகள் செதுக்குவது கடினமான வேலையாயிற்று. எனவே ஒரே கட்டையில் இரண்டு ஷூக்களையும் தைத்துவிட்டார்கள். இரு கால்களிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பழக்க வேண்டியது அணிபவரின் பாடு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடமும் வலமும் மெல்லத் திரும்பி வந்தன.

வந்தபோதும் பாதி உண்மைதான் வந்தது. ஜூரிக் நகரின் உடற்கூறுப் பேராசிரியர் ஹெர்மன் வான் மேயர், ஷூவின் சரியான வடிவம் பற்றி 1858இல் ஒரு நூல் எழுதினார். அவர் சொன்னது மிக எளிது. குதிகாலின் மையத்திலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வழியாக ஒரு கோடு இழுத்தால், அக்கோடு பெருவிரலின் நடுவே நேராகச் செல்ல வேண்டும். குழந்தைகளின் காலில் இது அப்படியே இருக்கும். ஆனால் ஷூவின் முனையையோ நடுவில் வைத்துக் கூராக்குகிறார்கள். விளைவு, பெருவிரல் உள்ளே மடங்கி மற்ற விரல்களின்மேல் சாய்கிறது. அதன் அடிமூட்டு வெளியே புடைக்கிறது. நீங்கள் வரைந்த படத்தில் இந்தக் கோட்டை ஒரு ஸ்கேலை வைத்து இழுத்துப் பாருங்கள். உங்கள் ஷூ உங்களுக்கு இதுவரை என்ன செய்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒற்றை எண்ணின் ஆட்சி

மேயர் நூல் எழுதிய அதே 1858இல் அமெரிக்காவில் லைமன் பிளேக் என்பவர், அடித்தோலை மேற்தோலுடன் சேர்த்துத் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சூரினாமில் பிறந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் வேலை பார்த்த யான் மாட்செலிகர், 1883இல் தோலை அச்சுக்கட்டைமேல் இழுத்துப் பொருத்தும் வேலையையும் இயந்திரத்திடம் ஒப்படைத்தார். கைத்திறன் மிக்க தொழிலாளி நாள் முழுதும் பாடுபட்டு 50 ஜோடி முடித்த இடத்தில் அவருடைய இயந்திரம் சில நூறு ஜோடிகளை முடித்தது. ஷூவின் விலை இறங்கியது; ஏழைகளின் காலிலும் ஷூ ஏறியது. இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் முன்பு ஷூ தைத்தவர் உங்கள் காலைக் கையில் பிடித்துப் பார்த்தவர். தொழிற்சாலைக்கோ உங்கள் கால் தெரியாது. ஓர் எண் மட்டுமே தெரியும்.

அந்த எண் எதை அளக்கிறது? நீளத்தை மட்டுந்தான். ஆங்கிலேயரின் கணக்கில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ. ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்று பழங்காலத்தில் வைத்த கணக்கு அது. ஐரோப்பியக் கணக்கில் ஓர் அளவு என்பது ஒரு செ.மீ.யில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.7 மி.மீ. சைக்கிள் ஷூக்கள் பெரும்பாலும் இந்த ஐரோப்பிய எண்களில்தான் விற்கப்படுகின்றன.

இப்போது ஒரு சிறு கணக்கு. 42ஆம் எண் ஷூ உங்கள் காலுக்கு நீளத்தில் சரி. அகலத்தில் 6 மி.மீ. போதவில்லை. கடைக்காரர் என்ன சொல்வார்? "ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள், சார்." எண் ஒன்று கூடினால் முன்பாதத்தின் சுற்றளவு வழக்கமாக 5 மி.மீ. கூடும். அகலமாகப் பார்த்தால் அது 2 மி.மீ. அளவே. ஆகவே 6 மி.மீ. அகலம் பெற நீங்கள் மூன்று எண் தாண்டி 45க்குப் போக வேண்டும். அப்போது நீளம் 2 செ.மீ. கூடிவிடும். நடப்பதற்கு அது தொளதொள ஷூ, அவ்வளவே. சைக்கிளுக்கோ அது வேறு ஒரு வினையைக் கொண்டுவரும். அதைப் பெடலின் கதையில் காண்போம்.

ஒற்றை எண் போதாது என்பதை முதலில் கண்டிப்பாகச் சொன்னவர்கள் ராணுவத்தினர். சிப்பாயின் கால் புண்ணானால் படை நின்றுவிடும் அல்லவா? அமெரிக்க ராணுவ மருத்துவர் எட்வர்ட் மன்சன் தலைமையில் ஒரு குழு, சுமார் 2,000 சிப்பாய்களின் பாதங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. வெறுமனே உட்கார வைத்து அளக்கவில்லை. முதுகில் மூட்டையை ஏற்றி நிற்க வைத்து அளந்தார்கள். ஏனெனில் பாரம் ஏறும்போது பாதம் நீள்கிறது, அகலமும் கூடுகிறது. 1912இல் மன்சன் தம் முடிவுகளை நூலாக்கினார். அவர் வகுத்த அச்சுக்கட்டையில் பெருவிரலின் பக்கம் நேராகவும், முன்பக்கம் விரல்கள் விரியும்படி அகலமாகவும் இருந்தது. முதல் உலகப் போரின் அமெரிக்கச் சிப்பாய்கள் அவ்வடிவில் செய்த ஷூக்களை அணிந்தார்கள்.

கடைகளுக்கு அளவு கருவி தந்தவர் சார்லஸ் பிரானக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் அவருடைய தந்தைக்கு ஒரு ஷூக் கடையில் பங்கு இருந்தது. 1920களின் நடுவில் அவர், சிறுவர்கள் துண்டுகளை இணைத்து விளையாடும் உலோகப் பொம்மைப் பெட்டியைக் கொண்டு ஒரு மாதிரி செய்து பார்த்தார். நழுவும் பட்டைகள் கொண்ட அந்த உலோகத் தட்டு மூன்று அளவுகளைத் தரும்: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, முன்பாதத்தின் அகலம், குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை. மூன்றாவது அளவைப் பலர் அலட்சியம் செய்வர். சைக்கிள் ஓட்டிக்கு மூன்றிலும் முக்கியமானது அதுதான். ஒரே நீளமுள்ள இரு பாதங்களில் ஒன்றுக்கு விரல் நீளம், மற்றொன்றுக்கு வளைவு நீளம் என்று இருக்கலாம். பெடல் எங்கே அமர வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

இதே காலத்தில் வேறொரு கருவியும் கடைகளுக்கு வந்தது. ஷூ அணிந்த காலை ஒரு பெட்டிக்குள் நுழைத்தால், எக்ஸ் கதிர்களின் உதவியால் உள்ளேயுள்ள எலும்புகள் பச்சை ஒளித்திரையில் தெரியும். வாடிக்கையாளர், கூட வந்தவர், விற்பனையாளர் மூவரும் ஆளுக்கொரு துவாரத்தின் வழியே எட்டிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு அது வேடிக்கைப் பெட்டி. கதிர்வீச்சின் கேடு உணரப்பட்ட பின், 1957இல் பென்சில்வேனியா மாநிலம் இதற்குத் தடை விதித்தது. மற்ற இடங்களிலும் பெட்டிகள் படிப்படியாக மறைந்தன. ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெட்டி எலும்பைக் காட்டியது. நசுங்கும் நரம்பைக் காட்டவில்லை. ஷூ கடிக்கிறதா என்பதை அறிய, அணிந்தவரைக் கேட்பதைவிடச் சிறந்த கருவி இன்றுவரை வந்தபாடில்லை.

1970களில் சர்வதேசத் தர நிறுவனம் ஒரு முறையை வகுத்தது. அதன்படி பாதத்தின் நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் ஷூவின்மேல் குறிக்கலாம். எளிய, அறிவுக்குகந்த முறை. ராணுவங்கள் சிலவும் பனிச்சறுக்குக் காலணி செய்வோரும் ஏற்றனர். சாதாரணக் கடைகளில் பழைய ஒற்றை எண்ணே நிலைத்துவிட்டது. ஒவ்வோர் எண்ணிலும் நான்கைந்து அகலங்களைச் செய்து அடுக்கினால் சரக்கில் முடங்கும் பணமும் நான்கைந்து மடங்காகும் என்பதே காரணம்.

பெடலில் பூட்டிய கால்

1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இரு சக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உதைத்து உதைத்து முன்னேற வேண்டும். 1860களில் பாரிஸில் முன்சக்கரத்தின் அச்சில் பெடல் பூட்டினார்கள். 1885இல் ஸ்டார்லியின் சங்கிலி வைத்த சைக்கிளும், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்தபின் வேகம் கூடியது. வேகத்துடன் பந்தயமும் வந்தது. வேகமாக மிதிக்கும்போது கால் பெடலை விட்டு வழுக்கியது. எனவே 1890களில், விரல்களைச் சுற்றி வளைக்கும் கம்பிக் கூண்டும் தோல்வாரும் பெடலில் சேர்ந்தன. டோ கிளிப் எனப்படும் இதை இன்றும் காணலாம்.

அடுத்த தொண்ணூறு ஆண்டுகள் பந்தய வீரனின் ஷூ அதிகம் மாறவில்லை. மெல்லிய கறுப்புத் தோல், காற்று போகத் துளைகள், நாடா, கடினமான அடித்தோல். தோல் நாளடைவில் விரியும் என்பதால் வேண்டுமென்றே இறுக்கமாக வாங்குவார்கள். சிலர் நீரில் நனைத்து, ஈரத்தோடு அணிந்து ஓட்டி, காலின் வடிவுக்குக் கொண்டு வருவார்கள். அகலப் பாதக்காரனுக்கும் அதில் பிழைக்க வழி இருந்தது. சுண்டுவிரல் மூட்டு உறுத்தும் இடத்தில் தோலை இழுத்துத் தளர்த்தலாம்; வேறு வழியில்லையேல் அந்த இடத்தில் ஒரு கீறல் போட்டுவிடலாம்!

பெடலின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும் பள்ளமுள்ள ஒரு தகட்டையும் ஷூவின் அடியில் அறைந்தார்கள். இதற்குக் கிளீட் என்று பெயர். அதைப் பொருத்திய முறை அழகானது. புது ஷூவைத் தகடு இல்லாமலேயே சில நாள் ஓட்டுவார்கள். அடித்தோலில் பெடலின் தடம் பதியும். காலானது தனக்கு இயல்பான இடத்தையும் கோணத்தையும் தானே தேர்ந்துகொண்டதற்கு அந்தத் தடமே சாட்சி. பிறகு, அதே தடத்தில் தகட்டை ஆணியடிப்பார்கள். காலைக் கேட்டு ஷூவை அமைத்த இந்த முறையைப் பிற்காலத்துக் கருவிகள் பலவற்றைவிட நான் மேலாக மதிக்கிறேன்.

கூண்டும் வாரும் இன்றிக் காலைப் பெடலில் பூட்டும் எண்ணம் பழையது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹான்சன் 1895லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார், அது பரவவில்லை. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் ஒரு பெடலை வெளியிட்டது. அதிலிருந்து காலை எடுக்கக் குனிந்து கையால் ஒரு நெம்பை இழுக்க வேண்டும். அதற்கு ஓட்டிகள் என்ன பட்டப்பெயர் வைத்திருப்பார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். சாவுத் தகடு என்ற பொருளில்தான் அதை அழைத்தார்கள்.

வெற்றி பெற்றது பிரான்ஸின் நெவேர் நகரத்து லுக் நிறுவனம். பனிச்சறுக்குக் கட்டையில் காலைப் பூட்டும் விசைப்பிடியைச் செய்து வந்த நிறுவனம் அது. விழும்போது கால் தானே கழல வேண்டும் என்பது பனிச்சறுக்கின் முதல் விதி. அதே நுட்பத்தை 1984இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். காலை முன்னே அழுத்தினால் பூட்டும். குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் கழலும். லுக் நிறுவனத்தை வாங்கியிருந்த பெர்னார்ட் தாப்பியே ஒரு பந்தய அணிக்கும் உரிமையாளர். அவ்வணியின் பெர்னார்ட் ஈனோ, 1985ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை அந்தப் பெடலுடன் வென்றார். சில ஆண்டுகளில் பந்தயக்காரர்களிடையே டோ கிளிப் மறைந்தது.

இங்கேதான் இரண்டு வரலாறுகளும் பூட்டிக்கொண்டன. விசைப்பிடி வேலை செய்ய வேண்டுமானால் ஷூவின் அடி வளையவே கூடாது. எனவே தோல் போய்க் கெட்டியான பிளாஸ்டிக்கும், பின்னர் கார்பன் இழையும் வந்தன. மேல்பகுதியில் தோலுக்குப் பதில் விரியாத செயற்கைப் பொருள். நனைத்து விரிப்பது, கீறிவிடுவது என்ற பழைய கைவைத்தியம் எதுவும் இதில் செல்லாது. பந்தயக்காரர் இறுக்கத்தை விரும்பியதால், பாதம் சரியாமல் பிடிக்கும் குறுகிய அச்சுக்கட்டையே வழக்கமாயிற்று. கடையில் நிற்கும் அகலப் பாதக்காரருக்குப் பந்தய வீரனின் பாதத்துக்காகச் செய்த ஷூவே கிடைத்தது.

இப்போது நாம் முன்பு நிறுத்திய கணக்குக்கு வருவோம். கிளீட்டைத் திருகும் துளைகள் ஷூவின் நீளத்துக்கு ஏற்ற இடத்தில் தொழிற்சாலையிலேயே இடப்படுகின்றன. அகலத்துக்காக மூன்று எண் பெரிதாக வாங்கினால் அத்துளைகள் உங்கள் முன்மேட்டைத் தாண்டி விரல்களின் பக்கம் போய்விடும். அப்போது நீங்கள் முன்மேட்டால் அல்ல, விரல்களின் வேரால் மிதிக்கிறீர்கள். கெண்டைச் சதையும் குதிகால் நரம்பும் வீணே இழுபடும். தப்பிக்க வந்த இடத்தில் புது வலி!

பூட்டிய கால் முழங்காலையும் விடவில்லை. தொடக்கத்துப் பெடல்களில் கால் இம்மியும் திரும்ப முடியாது. தகடு சிறிது கோணலாக இருந்தாலும் அந்தக் கோணல் மணிக்கு 4,800 முறை முழங்காலில் ஏறும். லுக் பெடலைப் படைத்த பொறியாளர் ழான் பேயல், 1987இல் டைம் என்ற புது நிறுவனத்துக்காக, கால் சில பாகை பக்கவாட்டில் அசைய இடங்கொடுக்கும் பெடலைச் செய்தார். கால் அசையட்டும் என்ற இந்தச் சலுகையை மற்ற நிறுவனங்களும் ஏற்றன. 1990இல் ஜப்பானின் ஷிமானோ, ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் மறையும் சிறு தகட்டை வெளியிட்டது. அதை அணிந்து நடக்கவும் முடியும். நம்போன்ற சாதாரண ஓட்டிகளுக்கு இதுவே பயனுள்ள மாற்றம்.

யாருடைய பாதம் அகலம்?

அகலப் பாதம் என்றாலே ஏதோ குறைபாடு என்று எண்ணிவிடாதீர்கள். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குப் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டிருந்த மக்களின் பாதங்களை ஹாஃப்மன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். மனிதரைக் காட்சிப் பொருளாக்கிய அந்தக் கண்காட்சியை இன்று நாம் வெட்கத்துடன்தான் நினைக்க வேண்டும். எனினும் 1905இல் அவர் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. ஷூவே அணியாத கால்களில் விரல்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. ஷூ அணியத் தொடங்காத வெள்ளைக்காரக் குழந்தைகளின் காலும் அதே வடிவம். அப்படியானால் குறுகிய பாதம் பிறவி அல்ல, ஷூவின் கைவேலை.

இதே கேள்வியை நம் பக்கத்திலும் கேட்டிருக்கிறார்கள். உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு கர்நாடக மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் கால் தடங்களைப் பதிவு செய்து 1992இல் முடிவை வெளியிட்டனர். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாதவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. அதிலும் முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடையேதான் அது மிகுதி. செருப்பு அணிந்தவர்களிடையே குறைவு. 2009இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலுடன் நடந்தே பழகியவர்களை அளந்தபோது, அவர்களின் பாதம் அகலமாகவும், அடியில் அழுத்தம் சீராகப் பரவியும் இருக்கக் கண்டனர். அகலம் என்பது பாரத்தைப் பங்கிட்டுத் தாங்கும் ஏற்பாடு என்றல்லவா இதற்குப் பொருள்?

சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்கள் முப்பரிமாண அளவி கொண்டு அளக்கப்பட்டன. இந்தியரின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று தெரிந்தது. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அளவுமுறைக்குப் பதிலாக, பாரதத்தின் முதலெழுத்தால் 'பா' எனப் பெயரிட்ட புதிய முறை ஒன்றும் முன்மொழியப்பட்டது. நம்மில் பலர் "எனக்கு மட்டும் எந்த ஷூவும் பொருந்துவதில்லை" என்று குறைபட்டுக்கொண்டது ஏன் என்பதற்கு ஒரு லட்சம் பாதங்கள் சாட்சி சொல்லிவிட்டன.

வலி தெரிபவர், வலி தெரியாதவர்

முன்பாதத்தில் ஐந்து நீண்ட எலும்புகள் விரல்களை நோக்கி ஓடுகின்றன. அவற்றின் இடையே நரம்புகள் செல்கின்றன. பக்கங்களிலிருந்து நெருக்கினால் எலும்புத் தலைகள் நரம்பை நசுக்கும். 1876இல் பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் மார்ட்டன் விவரித்த இந்த நோவு, பெரும்பாலும் மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே எரிச்சலாகத் தோன்றும். நரம்பைச் சுற்றித் திசு தடித்துவிடும். சைக்கிள் ஓட்டும்போது அந்த இடத்தில் எரிந்து, ஷூவைக் கழற்றியவுடன் அடங்குமானால், ஷூவின் அகலத்தை முதலில் சந்தேகியுங்கள்.

எரிச்சல் தெரிவது ஒரு பாக்கியம் என்று கற்பித்தது நம் வேலூர். 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் ஏன் புண்ணாகிக் கரைகிறது என்று ஆராய்ந்தார். கிருமி சதையைத் தின்கிறது என்பது அப்போதைய நம்பிக்கை. உண்மையில், நரம்பு கெட்டு உணர்ச்சி போனதால், உறுத்தலை அறியாமல் நடந்து நடந்து அவர்களே தங்கள் பாதத்தைச் சிதைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டார். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரால் உள்தளம் அமைத்த செருப்புகள் வேலூரிலும் அடுத்துள்ள கரிகிரியிலும் உருவாயின. பின்னாளில் அமெரிக்காவில் அவர் எலிகளின் பாதங்களில் சோதித்து இன்னொன்றும் காட்டினார். ஒருமுறை அழுத்தினால் ஒன்றும் செய்யாத சிறு விசை, ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அழுத்தினால் சதையைச் சிதைத்துப் புண்ணாக்கிவிடும்.

மணிக்கு 4,800 என்ற எண்ணை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தச் சைக்கிள் ஓட்டுங்கள் என்று மருத்துவர் சொல்கிறார், நல்ல யோசனைதான். ஆனால் நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவருக்குக் குறுகிய, கெட்டியான ஷூ உறுத்துவதே தெரியாது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் பாதத்தைப் பார்த்துச் சிவப்புத் திட்டு உண்டா என்று கவனியுங்கள். குனிந்து பார்க்க முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். அவர் ஷூ வாங்கும்முன் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

கடையில்

முதல் கேள்வி, பூட்டும் ஷூ வேண்டுமா என்பதே. பெடலை மேல்நோக்கி இழுப்பதால் பெரும் பலன் என்று பலகாலம் நம்பினார்கள். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே மேல்நோக்கி இழுத்தவர்களின் திறன் குறையத்தான் செய்தது. கடைவீதிக்கும் பள்ளிக்கும் செல்பவருக்குத் தட்டைப் பெடலும் சற்றுக் கெட்டியான அடியுள்ள அகலமான ஷூவும் தாராளமாகப் போதும். செருப்பு அகலத்தில் தாராளமானதுதான். ஆனால் மெல்லிய அடி வழியே பெடலின் விளிம்பு உறுத்தும். நெடுந்தூரத்துக்கு ஆகாது.

நெடுந்தூரம் ஓட்டுவதற்குப் பூட்டும் ஷூதான் வேண்டும் என்றால், மாலையில் கடைக்குச் செல்லுங்கள். பகலெல்லாம் நடந்து வீங்கிய காலே உங்கள் உண்மையான கால். ஓட்டும்போது அணியும் காலுறையையே அணிந்துகொள்ளுங்கள். இரு கால்களும் ஒரே அளவில் இரா, பெரியதற்கு வாங்குங்கள். எண்ணைச் சொல்வதற்கு முன், ஷூவின் உள்ளே இருக்கும் தளத்தை வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரங்களில் வழிந்தால் அந்த ஷூ எவ்வளவு பெரிய எண்ணாயினும் வேண்டாம். பிறகு, அதே நீளத்தில் அகலமான வகை உண்டா என்று கேளுங்கள். ஷிமானோ, லேக் போன்ற நிறுவனங்கள் அகல வகைகளைச் செய்துள்ளன. சிடி நிறுவனம் மெகா என்ற பெயரில் வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் போன்ட், அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்துக் காலின் வடிவுக்கு அழுத்தக்கூடிய ஷூக்களைச் செய்தது. விலை சற்று அதிகம்.

பெருவிரல் மூட்டு புடைத்தவர்கள், தையல் அந்த இடத்தின்மேல் ஓடாத ஷூவைத் தேட வேண்டும். புறங்கால் உயர்ந்தவர்களுக்கு மூன்று பட்டைகளில் நடுப்பட்டை நரம்பை அழுத்தும். கீழ்ப்பட்டையை விரல் நுழையும் அளவு தளர்த்தி, மேல்பட்டையைக் கொண்டு குதிகாலைப் பின்னே நிறுத்துவதே சரி. பிடிப்பு குதிகாலில் இருக்கட்டும். விரல்கள் பியானோ வாசிப்பதுபோல் அசையட்டும். கிளீட்டைத் துளைகள் அனுமதிக்கும் மட்டும் குதிகாலின் பக்கம் நகர்த்தினால் முன்மேட்டின் பாரம் குறையும். ஒரே நாளில் அல்ல, சில மில்லிமீட்டர் வீதம் நகர்த்திப் பாருங்கள். அப்படி நகர்த்தும்போது இருக்கையையும் சிறிது தாழ்த்த வேண்டியிருக்கும். முதல் வாரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். திரும்பி வந்து காலுறையைக் கழற்றியதும் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் வரைந்த தாள் இருக்கிறதல்லவா? சிவந்த இடத்தை அதில் குறித்து வையுங்கள். ஷூவை மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் அது உங்களுக்குத் தேவைப்படும்.